முகத்தில் மட்டும் வேண்டாம்

1

2009. எஞ்சினியரிங் விடுதியில் ஹார்ட் டிஸ்க் அறை அறையாகச் சுற்றி வந்த காலம். அதில் 'மஸ்ட் வாட்ச்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். 'சிட்டி ஆஃப் காட்' அதில்தான் கிடைத்தது. அதற்குப் பக்கத்திலேயே 'எலீட் ஸ்குவாட்'. "மச்சி, சிட்டி ஆஃப் காட் பிடிச்சுதுல்ல? இது அதே ஊரு, போலீஸ் சைடுல இருந்து" என்று சொல்லித்தான் எனக்குக் கொடுத்தார்கள். ஆறு பேர் ஒரு லேப்டாப் முன்னால் உட்கார்ந்து பார்த்தோம். கடைசிக் காட்சியில் ஒரு ஷாட்கன் கேமராவை நேராகப் பார்க்கிறது. வெடிச் சத்தம். படம் முடிந்துவிட்டது. நாங்கள் கைதட்டினோம். ஒருத்தன் விசிலடித்தான். நானாகக்கூட இருக்கலாம்.

அதற்கப்புறம் ரொம்ப நாள் "பிரேசில் படம் ஏதாவது பார்த்திருக்கியா" என்று யார் கேட்டாலும் இந்தப் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். சில வருடங்களுக்கு முன்பு எங்கள் டீமில் ரியோ டி ஜெனீரோவைச் சேர்ந்த ஒருவர் சேர்ந்தார். முதல் வீடியோ காலில் எல்லோரும் அறிமுகம் செய்துகொள்ளும்போது, அவரைச் சந்தோஷப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, "எனக்கு ட்ரோப்பா டி எலீட் ரொம்பப் பிடிக்கும்" என்றேன். போர்ச்சுக்கீசியப் பெயரைச் சரியாகச் சொல்லவேண்டுமென்று முந்தின நாள் பழகிக்கூட வைத்திருந்தேன். அவர் சிரித்தார், மரியாதைக்கு. பிறகு ஒருநாள் தனியாகப் பேசும்போது சொன்னார்: "நான் வளர்ந்தது நார்த் ஸோன்ல. அந்தப் படத்துல வர்ற கறுப்பு வண்டி எங்க தெரு வழியாப் போனா எங்கம்மா எங்களை பாத்ரூமுக்குள்ள தள்ளிக் கதவைச் சாத்துவாங்க. அங்கதான் ரெண்டு சுவர் இருக்கும், குண்டு வராதுன்னு. வெளிநாட்டுக்காரங்க எல்லாருக்கும் எங்க ஊர்ப் படம் ரெண்டுதான் தெரியுது. ரெண்டுலயும் சாகறது நாங்கதான்."

கோபமாகச் சொல்லவில்லை. வானிலையைப் பற்றிப் பேசுகிற மாதிரி சொன்னார். அன்றைக்கு ராத்திரி படத்தை மறுபடி போட்டேன்.

2

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக. ஜோசே பாடில்யா இயக்கி 2007-இல் வந்த படம். கதை நடப்பது 1997-இல். போப் இரண்டாம் ஜான் பால் ரியோவுக்கு வருகிறார். அவர் தங்கப்போகிற இடத்துக்குப் பக்கத்தில் மலைமேல் ஒரு ஃபவேலா, அதாவது குடிசைப் பகுதி. போப்பின் தூக்கம் கெடாமலிருக்க அந்த மலையை 'சுத்தப்படுத்த' வேண்டும். வேலை 'போபி' என்கிற சிறப்புப் படைக்குப் போகிறது. கறுப்புச் சீருடை, மண்டையோட்டில் குத்திய கத்தி சின்னம். படையின் கேப்டன் நாசிமெண்டோவாக வாக்னர் மோரா. மனைவி கர்ப்பம். இவனுக்குப் படபடப்பும் மூச்சுத்திணறலும் வருகிறது, மாத்திரை போடுகிறான். தன் இடத்துக்கு ஒருவனைத் தேர்ந்தெடுத்துவிட்டு விலகவேண்டும். நெட்டோ, மத்தியாஸ் என்று இரண்டு இளம் அதிகாரிகள். மத்தியாஸ் கறுப்பினத்தவன், சட்டம் படிக்கிறான். வகுப்பில் ஃபூக்கோ பற்றி விவாதம். கூடப் படிக்கிற பணக்காரப் பிள்ளைகள் ஃபவேலாவில் தொண்டு நிறுவனம் நடத்துகிறார்கள், கஞ்சாவும் அங்கிருந்தே வாங்குகிறார்கள்.

முழுப்படத்தையும் நாசிமெண்டோவின் குரல் நமக்குச் சொல்கிறது. கதை முதலில் மத்தியாஸை மையமாக வைத்து எழுதப்பட்டது. மோராவின் நடிப்பைப் பார்த்து, எடிட்டிங்கில்தான் அது நாசிமெண்டோவின் கதையாக மாறியது. இந்த ஒரு முடிவுதான் பிறகு வந்த எல்லாச் சண்டைகளுக்கும் விதை.

படம் வெளியாகும் முன்பே திருட்டுப் பிரதி ரியோ தெருக்களில் வந்துவிட்டது. சப்டைட்டில் போடக் கொடுத்த இடத்திலிருந்து கசிந்த பிரதி அது. வெளிநாட்டுக்காரர்களுக்காகச் செய்த வேலையில் ஓட்டை விழுந்து, உள்ளூர்க்காரர்கள் முதலில் பார்த்துவிட்டார்கள். ஒரு கோடிப் பேருக்கு மேல் அப்படிப் பார்த்தார்கள் என்று மதிப்பீடு. போபி அதிகாரிகள் படத்தை நிறுத்தச் சொல்லி நீதிமன்றம் போனார்கள், பலிக்கவில்லை. தியேட்டரில் ஜனங்கள் நாசிமெண்டோவுக்குக் கைதட்டினார்கள். அவன் பயிற்சி முகாமில் கத்துகிற வசனங்கள் அலுவலகங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் புழங்கின.

பிப்ரவரி 2008-இல் படம் பெர்லின் திரைப்பட விழாவுக்குப் போனது.

3

பெர்லினில் நடந்தது வேடிக்கையானது. அமெரிக்காவின் 'வெரைட்டி' இதழ், இது ஃபாசிச அடியாட்களுக்கு ஆள் சேர்க்கிற படம் போல இருக்கிறது என்று எழுதியது. வேறு பல விமர்சகர்களும் அதே திசையில் எழுதினார்கள். சில நாள் கழித்து அதே படத்துக்குத் தங்கக் கரடி கொடுத்தார்கள். நடுவர் குழுவின் தலைவர் கோஸ்டா-கவ்ராஸ். கிரேக்கத்தில் ஒரு இடதுசாரி நாடாளுமன்ற உறுப்பினர் கொல்லப்பட்டதை வைத்து 'இஸட்' எடுத்தவர். லத்தீன் அமெரிக்கப் போலீஸுக்குச் சித்திரவதை கற்றுக்கொடுக்கிற அமெரிக்க ஆலோசகரைப் பற்றி 1972-இல் 'ஸ்டேட் ஆஃப் ஸீஜ்' எடுத்தவர். போலீஸ் வன்முறை என்றால் என்னவென்று அவருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அதே வருடம் நடுவர் குழுவின் பெரும்பரிசு, அபு கிரைப் சிறைச் சித்திரவதைகளைப் பற்றிய எரோல் மோரிஸின் ஆவணப்படத்துக்குப் போனது. சித்திரவதையைக் கண்டித்த படத்துக்கு இரண்டாமிடம். சித்திரவதை செய்பவன் வாயாலேயே கதை சொல்லவைத்த படத்துக்கு முதலிடம்.

இதைப் பார்த்துவிட்டு "விமர்சகர்களுக்குப் புரியல, கவ்ராஸுக்குப் புரிஞ்சிடுச்சு" என்று முடித்துவிடுவது சுலபம். பாடில்யா தரப்பு வாதமும் கிட்டத்தட்ட இதுதான்: வெளிநாட்டு விமர்சகருக்கு ரியோ தெரியாது, அதனால் ஒரு போலீஸ்காரனின் மனசுக்குள் போய்ப் பார்ப்பதை அவனுக்கு வக்காலத்து வாங்குவதாக எடுத்துக்கொண்டார்கள். பாடில்யாவின் முந்தைய படம் 'பஸ் 174' இந்த வாதத்துக்கு வலுவான சாட்சி. ஜூன் 2000-இல் ரியோவில் ஒரு பஸ்ஸைப் பிடித்துவைத்த இளைஞனைப் பற்றிய ஆவணப்படம். அவன் தெருப்பிள்ளையாக வளர்ந்தவன், 1993-இல் கேண்டலாரியா தேவாலயத்தின் முன்னால் போலீஸ்காரர்கள் சிறுவர்களைச் சுட்டுக்கொன்றபோது தப்பியவன். கடைசியில் போலீஸ் வண்டிக்குள் மூச்சுத் திணறிச் செத்தான். அந்தப் படத்தில் பாடில்யா அவன் பக்கம் நின்றார். அவன் பெயர் சாண்ட்ரோ டோ நாசிமெண்டோ. ஐந்து வருடம் கழித்து கேப்டனுக்கும் அதே குடும்பப் பெயர். கொல்லப்பட்டவனுக்கும் கொல்பவனுக்கும் ஒரே பெயர் வைத்த இயக்குநரை ஃபாசிஸ்ட் என்று சொல்வது கஷ்டம்தான்.

ஆனால் "சூழல் தெரியல" என்கிற வாதம் ஒரு இடத்தில் உடைகிறது. சூழல் முழுக்கத் தெரிந்த ரியோக்காரர்களும்தானே கைதட்டினார்கள்? பிரேசில் பத்திரிகைகளிலும் 'ஃபாசிசம்' என்ற அதே வார்த்தை எழுதப்பட்டதே? சூழல் தெரிந்தால் படம் சரியாகப் புரிந்துவிடும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. அப்படியென்றால் வெளிநாட்டுப் பார்வையாளன் தவறவிட்டது என்ன?

4

முதலில் அகராதிச் சங்கதி ஒன்று. சப்டைட்டிலில் 'மிலிட்டரி போலீஸ்' என்று வரும்போது நான் ராணுவத்தின் போலீஸ் என்று நினைத்தேன். பிரேசிலில் அது தெருவில் ரோந்து போகிற சாதாரண மாநிலப் போலீஸ். சீருடை போட்டவர்கள் அவர்கள். விசாரணை செய்வது 'சிவில் போலீஸ்' என்கிற தனித் துறை. 1964 முதல் 1985 வரை நடந்த ராணுவ ஆட்சி போனபிறகும், 1988 அரசியல் சட்டம் இந்தப் பிரிவினையை அப்படியே வைத்துக்கொண்டது. போபி மிலிட்டரி போலீஸின் ஒரு பிரிவு. அதாவது புலனாய்வு அவர்கள் வேலையே இல்லை.

இது தெரிந்தபிறகு படம் வேறு மாதிரி தெரிகிறது. நாசிமெண்டோ யாரையும் பின்தொடர்வதில்லை, போன் ஒட்டுக்கேட்பதில்லை, கணக்குவழக்கு பார்ப்பதில்லை. தலையில் பிளாஸ்டிக் பையை மாட்டி இறுக்குகிறான், தகவல் வருகிறது. பை மாட்டிய ஒருவன்கூடப் பொய் சொல்வதில்லை. தெரியாதவனைப் பிடித்துவிட்டோம் என்று ஒருமுறைகூட ஆவதில்லை. என் வேலையில் ஒரு பழக்கம் உண்டு: எப்போதுமே பாஸ் ஆகிற டெஸ்டை யாரும் நம்பமாட்டோம். அந்த டெஸ்ட் எதையும் சோதிக்கவில்லை என்று அர்த்தம். இந்தத் திரைக்கதையில் சித்திரவதை அப்படிப்பட்ட டெஸ்ட். இந்த ஒரு விஷயத்தில் பெர்லின் விமர்சகர்கள் பக்கம்தான் நான். நாசிமெண்டோவின் குரலை நம்பாதே என்று படம் சொல்லலாம், அவனுக்குப் படபடப்பு வருவதைக் காட்டலாம். ஆனால் அவன் முறை பலிக்கும் என்று கதையே அடித்துச் சொல்லும்போது, குரலை நம்பாமலிருப்பது எப்படி?

இரண்டாவது, சப்டைட்டிலில் வராத வரைபடம். ரியோக்காரர்களுக்கு ஊர் இரண்டாகத்தான் பிரியும்: மலை, தார்ச்சாலை. மலை என்றால் ஃபவேலா, தார்ச்சாலை என்றால் மற்ற எல்லாம். இரண்டுக்கும் நடுவே பல இடங்களில் சில நிமிட நடைதான். படத்தில் கல்லூரி மாணவர்கள் மலைக்கும் தார்ச்சாலைக்கும் போய்வருகிறார்கள், அவர்களுக்கு எதுவும் ஆவதில்லை, ஒருகட்டம் வரைக்கும். ஆரம்பக் காட்சிகளில் ஒன்றில் நாசிமெண்டோ, சுட்டுக்கொல்லப்பட்டவனின் காயத்தருகே ஒரு மாணவனின் முகத்தை அழுத்தி, இவனைக் கொன்றது யார் என்று கேட்கிறான். "நீங்கதான்" என்று அந்தப் பையன் சொன்னதும் அறை விழுகிறது. கொன்றது நீதான், காசு கொடுத்து வாங்குகிற நீதான் என்கிறான். பிரேசிலின் மத்தியதர வர்க்கத்துக்கு வலித்த இடம் இது. அங்கே விமர்சகர்களின் கோபத்தில் பாதி, தங்கள் கன்னத்தில் விழுந்த அறைக்கானது என்று நினைக்கிறேன்.

வெளிநாட்டுப் பார்வையாளனுக்கு அந்த அறை விழுவதே இல்லை. ஐரோப்பியனுக்கும் விழுந்திருக்கவேண்டும். லத்தீன் அமெரிக்காவின் கொக்கெய்னுக்கு ஐரோப்பா பெரிய சந்தை. படத்தில் கைமாறுகிற எஃப்ஏஎல் துப்பாக்கி பெல்ஜியத்தில் வடிவமைத்தது. ஆனால் திரையில் வாங்குபவன் ரியோ பையனாக இருப்பதால், பெர்லினில் உட்கார்ந்திருப்பவன் "அவங்க ஊர்ப் பிரச்சனை" என்று சாய்ந்து உட்கார்ந்துகொள்ளலாம். கண்டிக்கிறவனும் அந்த நாற்காலியில்தான், ரசிக்கிறவனும் அதே நாற்காலியில்தான்.

இதற்கு நல்ல உதாரணம் ஒரு பாட்டு. படத்தின் தொடக்கத்தில், மலையில் நடக்கிற நடன இரவில், 'ராப் தாஸ் ஆர்மாஸ்' ஒலிக்கும். துப்பாக்கிகளின் பெயர்களை வரிசையாக அடுக்குகிற ஃபவேலாப் பாட்டு. படம் வந்தபிறகு அதன் ரீமிக்ஸ் ஐரோப்பாவுக்குப் போனது. நெதர்லாந்திலும் ஸ்வீடனிலும் முதலிடம் பிடித்தது. யோசித்துப் பாருங்கள்: ஆயுதங்களின் பட்டியலுக்கு, ஒரு வார்த்தை புரியாமல், கோடைகாலக் கிளப்புகளில் ஆடியிருக்கிறார்கள். விமர்சகன் படத்தை ஃபாசிசம் என்று நிராகரித்தான். அவன் தம்பி அந்தப் படத்தின் பாட்டுக்கு ஆடினான். இருவருக்கும் ஃபவேலா ஒரே தூரத்தில்தான் இருந்தது.

5

இதையெல்லாம் ஐரோப்பியர்கள்மேல் போட்டுவிட்டு நான் தப்பிக்க முடியாது. விடுதியில் நாங்கள் ஆறு பேரும் வெளிநாட்டுப் பார்வையாளர்கள்தான். ஆனால் வேறு ரகம். பெர்லின் விமர்சகருக்கு நாசிமெண்டோ அதிர்ச்சி. எங்களுக்கு அவன் பழகிய ஆள். 'காக்க காக்க' பார்த்து வளர்ந்த பையன்களுக்கு என்கவுண்டர் புதுசா என்ன? நேர்மையான அதிகாரி, ஊழல் பிடித்த துறை, சட்டம் கைகொடுக்காது, ஆகவே துப்பாக்கி. இந்தக் கணக்கு எங்களுக்கு மனப்பாடம். பிரேசில்காரன் அதைக் கையில் ஆடுகிற கேமராவோடு, பாட்டு இல்லாமல், வியர்வையோடு எடுத்திருந்தான். அதனால் 'உலக சினிமா' என்று கைதட்ட வசதியாகப் போய்விட்டது. தமிழில் பார்த்திருந்தால் "மசாலா" என்று சொல்லியிருக்கக்கூடிய அதே ஆசையை, போர்ச்சுக்கீசியத்தில் பார்க்கும்போது "யதார்த்தம்" என்றோம்.

2015-இல் 'விசாரணை' வெனிஸ் விழாவுக்குப் போய் ஆம்னெஸ்டி இத்தாலியின் விருது வாங்கியபோது எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது. அந்தப் படத்தில் நாம் அடிவாங்குகிறவன் பக்கத்தில் உட்காருகிறோம். அடி ஒவ்வொன்றும் நம்மேல் விழுகிறது. ஒரு இத்தாலியன் என்னிடம் வந்து "ஆஹா, அந்த லாக்கப் காட்சி என்ன ஆக்‌ஷன்!" என்று சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன்? என் சக ஊழியரைப் போல மரியாதைக்குச் சிரித்திருப்பேனா, தெரியவில்லை.

6

நியாயமாக ஒன்று சொல்லவேண்டும். பாடில்யா 2010-இல் எடுத்த இரண்டாம் பாகம், முதல் பாகத்துக்கு அவரே எழுதிய மறுப்பு மாதிரி. நாசிமெண்டோ பதவி உயர்ந்து போபியை இன்னும் பெரிதாக்குகிறான். போதைப்பொருள் கும்பல்களைத் துரத்துகிறான். காலியான இடத்தில் யார் வருகிறார்கள்? போலீஸ்காரர்களே நடத்துகிற 'மிலிசியா' கும்பல்கள். கேஸ் சிலிண்டர், கேபிள் டிவி, ஓட்டு என்று எல்லாவற்றுக்கும் மாமூல். தான் கட்டிய இயந்திரம் யாருக்கு வேலை செய்தது என்று அவனுக்கே கடைசியில்தான் தெரிகிறது. முதல் பாகத்தில் அவன் கேலி செய்கிற மனித உரிமைக்காரர்களின் இடத்தில், இதில் ஃப்ராகா என்ற அரசியல்வாதி நிமிர்ந்து நிற்கிறான். மிலிசியாக்களைப் பற்றி 2008-இல் சட்டமன்ற விசாரணை நடத்திய மார்செலோ ஃப்ரெய்ஷோவைப் பார்த்து எழுதிய பாத்திரம். ஃப்ரெய்ஷோவிடம் பல வருடம் பணியாற்றிய மரியெல் ஃப்ராங்கோ பின்பு ரியோ நகரசபை உறுப்பினரானார், மார்ச் 2018-இல் நடுத்தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2024-இல் அந்தக் கொலைக்காகத் தண்டிக்கப்பட்ட இருவரும் முன்னாள் மிலிட்டரி போலீஸ்காரர்கள்.

இரண்டாம் பாகத்துக்கு பிரேசிலில் ஒரு கோடியே பத்து லட்சம் டிக்கெட் விற்றது. அதுவரை எந்த பிரேசில் படமும் அவ்வளவு ஓடியதில்லை. உள்ளூர்க்காரர்கள் வாதத்தின் இரண்டாவது பாதியையும் கேட்டார்கள். எங்கள் ஹார்ட் டிஸ்க்கில் அது இல்லை. யாரும் தேடவும் இல்லை. எங்களுக்கு வேண்டியது முதல் பாகத்திலேயே கிடைத்துவிட்டது.

கேட்டதாலேயே எல்லாம் மாறிவிட்டது என்றும் சொல்லமுடியாது. படம் வந்த 2007-இல் ரியோ மாநிலத்தில் போலீஸ் கையால் செத்தவர்கள் 1,330 பேர். 2019-இல் 1,814. அக்டோபர் 2025-இல் பென்யா, அலெமாவோ ஃபவேலாக்களில் ஒரே நாள் நடவடிக்கையில் 120 பேருக்கு மேல் செத்தார்கள். மறுநாள் ஜனங்கள் உடல்களைத் தாங்களே மலையிலிருந்து இறக்கி வந்து தெருவில் வரிசையாகக் கிடத்தினார்கள். அந்தப் புகைப்படத்தை நான் அலுவலகத்தில், மதியச் சாப்பாட்டுக்கு நடுவே, போனில் பார்த்தேன்.

7

மறுபடி பார்த்த அன்று ராத்திரி என்னை உலுக்கிய காட்சியில் துப்பாக்கியே இல்லை. முதல் முறை பார்த்ததாக எனக்கு ஞாபகமும் இல்லை.

போலீஸ் வருவதைப் பட்டாசு வெடித்து எச்சரிக்கிற ஒரு சிறுவனை நாசிமெண்டோ பிடிக்கிறான். மிரட்டி, காட்டிக்கொடுக்க வைக்கிறான். பிறகு விட்டுவிடுகிறான். விட்டால் கும்பல் அவனைக் கொன்றுவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். கொன்றுவிடுகிறார்கள். சில நாள் கழித்து அவன் அம்மா படை அலுவலகத்துக்கு வருகிறாள். அவள் நியாயம் கேட்கவில்லை, நஷ்டஈடு கேட்கவில்லை. மகனின் உடல் வேண்டும், புதைக்கவேண்டும் என்கிறாள். நாசிமெண்டோவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்த உடலைத் தேடி மறுபடி மலையேறுகிறான், மறுபடி பையை எடுக்கிறான்.

கடைசியில் கும்பல் தலைவன் பையானோ சுடப்பட்டுத் தரையில் கிடக்கிறான். அவனும் உயிர்ப்பிச்சை கேட்கவில்லை. முகத்தில் மட்டும் சுடவேண்டாம் என்கிறான். சாவு வீட்டில் முகத்தைத் திறந்து வைக்கவேண்டுமே. அதைக் கேட்ட பிறகுதான் நாசிமெண்டோ ஷாட்கனை மத்தியாஸின் கையில் கொடுக்கிறான். சட்டம் படித்த, ஃபூக்கோ படித்த, கூடப் படித்தவர்களுக்கு நல்லவனாக இருக்க முயன்ற மத்தியாஸ் குறிபார்க்கிறான். நாங்கள் கைதட்டினோம்.

முழுப்படத்திலும் மலையில் வாழ்கிறவர்கள் போலீஸிடம் கேட்டுக்கொள்வது எனக்குத் தெரிந்து இந்த இரண்டைத்தான்: ஒரு உடல், ஒரு முகம். இரண்டுமே அழுது அடக்கம் செய்வதற்காக. இதைப் புரிந்துகொள்ள ரியோ வரைபடமோ, அரசியல் சட்டமோ தேவையில்லை. சாவு வீட்டுக்குப் போயிருந்தால் போதும். முகம் பார்க்கவிடாமல் மூடிக் கொண்டுவந்த ஒரு உடலைச் சுற்றி அம்மாக்கள் எப்படிக் கதறுவார்கள் என்று அந்த அறையிலிருந்த ஆறு பேருக்கும் தெரியும். எங்களில் ஒருத்தன் அப்படி அவன் அண்ணனை இழந்தவன், லாரி விபத்தில். அவனும் எங்களோடு சேர்ந்து கைதட்டினான் என்று நினைக்கிறேன்.

படம் ஃபாசிசமா இல்லையா என்ற கேள்விக்கு என்னிடம் இன்றைக்கும் முழுப் பதில் இல்லை. திரைக்கதை பொய்யாட்டம் ஆடுகிறது என்று நம்புகிறேன். அந்த இரண்டு வேண்டுகோள்களையும் உள்ளே வைத்தவருக்கு மனசு உண்டு என்றும் நம்புகிறேன். படம் அந்த வேண்டுகோள்களை நம் காதில் போடுகிறது. கேட்பதும் கேட்காமல் விடுவதும் எங்கே உட்கார்ந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது.

அடுத்த வாரக் காலில் அவரிடம், மறுபடி பார்த்தேன் என்றேன். "எப்படி இருந்தது?" என்று கேட்டார். "அந்தப் பையனோட அம்மா வர்ற சீன் எனக்கு ஞாபகமே இல்லை" என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "எங்கம்மாவுக்கு அந்த ஒரு சீன் மட்டும்தான் ஞாபகம் இருக்கு" என்றார்.